கதிர்வீச்சு சிகிச்சையும் வாய்ப்புண்ணும்: ஏழு வாரங்களைக் கடக்க உதவுவது எப்படி?



நம் ஊர்களில் "கரண்ட் வைக்கிறார்கள்" என்று சொல்லப்படும் கதிர்வீச்சு சிகிச்சையைப்பற்றித் தாங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் புற்றுநோய் கண்டவர்களில் பெரும்பாலோருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இச்சிகிச்சை தேவைப்படுகிறது. சிலருக்கு அறுவை சிகிச்சைக்குப் பின்னும், சிலருக்கு அறுவை சிகிச்சைக்குப் பதிலாகவும் இது கொடுக்கப்படும். நோய் ஆரம்ப நிலையில் இருந்தால் இதனால் முழுச் சுகம் பெறுகிறவர்கள் பலர்.

ஆனால் சிகிச்சை தொடங்கிய மூன்றாம், நான்காம் வாரத்தில் சில நோயாளிகள் திடீரென்று வராமல் நின்றுவிடுகிறார்கள். விசாரித்தால் வீட்டார் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: "வாயெல்லாம் வெந்துபோயிற்று. தண்ணீர்கூட இறங்கவில்லை. நோயைவிட வைத்தியம் பெரிய வேதனையாக இருக்கிறது." இப்படிச் சொல்கிறவர்களைக் குறைசொல்ல முடியாது. வேதனை உண்மையானதே. ஆயினும், அந்த வேளையில் சிகிச்சையை விட்டுவிடுவது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். ஆகையால் இந்தப் புண் ஏன் உண்டாகிறது, எப்போது ஆறும், அதைத் தாங்கிக்கொள்ள மருத்துவமனையும் வீட்டாரும் சபையாரும் என்ன செய்யலாம் என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

நம் நாட்டில் ஏன் இவ்வளவு அதிகம்?

இந்திய ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முதலிடத்தில் இருப்பதாக, சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கு காட்டுகிறது. புகையிலையும் மதுவும் இதற்கு முக்கிய காரணங்கள். புகையிலை சேர்த்து வெற்றிலை பாக்கு மெல்லுவது புற்றுநோயை உண்டாக்கும் என்று அதே நிறுவனம் 1985-ல் அறிவித்தது. புகையிலை இல்லாத வெறும் வெற்றிலை பாக்கும், பாக்குமட்டுமேகூட, புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று 2004-ல் அது உறுதிப்படுத்தியது. "நான் பீடி பிடித்ததில்லை, வெறும் பாக்குதான் போடுவேன்" என்று சொல்லும் தாய்மாருக்கும் இந்நோய் வருவது இதனால்தான்.

புண் ஏன் உண்டாகிறது?

நமது வாயின் உட்புறம் மெல்லிய சளிச்சவ்வினால் மூடப்பட்டிருக்கிறது. காரமும் சூடும் உரசலும் தினந்தோறும் அதன் மேற்படையைத் தேய்த்துக்கொண்டே இருக்கின்றன. அடியிலுள்ள செல்கள் இடைவிடாது பிரிந்து புதிய படையை மேலே அனுப்புகின்றன. இவ்விதமாக ஏறத்தாழ 1 முதல் 2 வாரங்களுக்குள் வாயின் உட்தோல் முழுவதும் புதிதாகிவிடுகிறது.

கதிர்வீச்சு, வேகமாகப் பிரியும் செல்களைத்தான் அதிகமாகத் தாக்கும். புற்றுநோய்ச் செல்கள் அப்படிப்பட்டவை. துரதிர்ஷ்டவசமாக வாயின் சளிச்சவ்வுச் செல்களும் அப்படிப்பட்டவையே. மேற்படை தேய்ந்துகொண்டே இருக்க, அதை நிரப்பவேண்டிய அடிச்செல்கள் குறைந்துபோவதால் சவ்வு மெலிந்து, சிவந்து, கடைசியில் உடைந்து புண்ணாகிறது. அடிப்பட்ட திசுவிலிருந்து வெளிப்படும் இரசாயனப் பொருட்கள் வீக்கத்தையும் வலியையும் கூட்டுகின்றன. புண்மேல் வாயிலுள்ள கிருமிகள் தங்கி அதை இன்னும் மோசமாக்குகின்றன.

இதோடு உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கதிர் படும் இடத்தில் இருப்பதால் உமிழ்நீர் குறைந்து, பசைபோல் கெட்டியாகிறது. வாயைக் கழுவிக் காக்கும் இயற்கையான ஏற்பாடு தளர்ந்துவிடுகிறது. ருசியும் மாறிவிடுகிறது.

இங்கே இரண்டு தவறான எண்ணங்களை நீக்கவேண்டும். முதலாவது, இந்தப் புண் நெருப்பினாலோ மின்சாரத்தினாலோ உண்டாகும் தீக்காயம் அல்ல. சிகிச்சை நடக்கும்போது நோயாளிக்குச் சூடோ வலியோ தெரியாது. இரண்டாவது, இது தொற்றுநோயும் அல்ல. வெளியே இருக்கும் இயந்திரத்திலிருந்து கதிர் கொடுக்கப்படும்போது நோயாளியின் உடலில் கதிரியக்கம் தங்குவதில்லை. வீட்டுக்கு வந்தபின் குழந்தைகளைத் தூக்கலாம், எல்லோரோடும் உட்கார்ந்து பேசலாம். தட்டையும் பாயையும் தனியே ஒதுக்கிவைப்பது தேவையற்றது. அது நோயாளியின் மனதையே புண்படுத்தும்.

வாரம் வாரமாக நடப்பது என்ன?

வழக்கமாக வாரத்தில் 5 நாள், நாளுக்கு ஒரு முறை சிகிச்சை நடக்கும். ஒவ்வொரு முறையும் சுமார் 2 கிரே அளவு கதிர் தரப்படும். கிரே என்பது கதிரின் அளவைக் குறிக்கும் அலகு. அறுவை சிகிச்சைக்குப் பின் கொடுப்பதானால் சுமார் 60 கிரே, அதாவது 6 வாரம். அறுவை சிகிச்சை இன்றிக் கதிரை நம்பியே சுகப்படுத்துவதானால் சுமார் 70 கிரே, அதாவது 7 வாரம்.

முதல் வாரம் பெரும்பாலும் சுலபமாகக் கடந்துவிடும். வாய் சற்று உலரத் தொடங்கும்.

இரண்டாம் வாரம் முடியும்போது வாய் சிவந்து, காரம் பட்டால் எரியும். ருசி குறையும்.

மூன்றாம் வாரத்தில் அங்கங்கே வெண்மையான மேற்பூச்சுடன் புண்கள் தோன்றும். நான்காம், ஐந்தாம் வாரங்களில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து பரவலாம். விழுங்குவது கடினமாகும்.

கடைசி வாரங்களில் வேதனை உச்சத்தில் இருக்கும். சிகிச்சை முடிந்த உடனே வலி நின்றுவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. முடிந்தபின் முதல் 1, 2 வாரங்கள் அப்படியே இருந்து, பிறகு மெதுவாக ஆறும். பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரங்களிலும், சிலருக்கு 6 முதல் 8 வாரங்களிலும் புண் ஆறிவிடுகிறது. சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்தும் கூடவே கொடுக்கப்பட்டால் புண் கடுமையாக இருக்கும்.

புண்ணின் கடுமையை உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி மருத்துவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். சிவந்து எரிச்சல் மட்டும் இருந்தால் 1. புண் இருந்தும் கெட்டியான உணவு உண்ண முடிந்தால் 2. நீராகாரம் மட்டுமே இறங்கினால் 3. வாய் வழியாக எதுவுமே உட்கொள்ள முடியாவிட்டால் 4. வீட்டார் "வலிக்கிறதாம்" என்று மட்டும் சொல்லாமல், "நேற்றுவரை கஞ்சி குடித்தார், இன்று தண்ணீர்தான் குடிக்கிறார்" என்று சொன்னால் மருத்துவருக்கு மிகவும் உதவியாக இருக்கும்.

இடையில் நிறுத்தினால் என்ன?

இதுவே இக்கட்டுரையின் முக்கியமான பகுதி. புற்றுநோய்ச் செல்கள் கதிரினால் அழியும்போது, தப்பிப் பிழைத்தவை சும்மா இருப்பதில்லை. சிகிச்சை தொடங்கி ஏறத்தாழ 4 வாரங்களுக்குப் பின் அவை முன்னிலும் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன என்று விதர்ஸ் என்னும் கதிர் மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் 1988-ல் எடுத்துக்காட்டினார்கள். அந்தப் பெருக்கத்தை ஈடுகட்டுவதற்கு மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 0.6 கிரே செலவாகிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

சற்றே யோசித்துப் பாருங்கள். புண் தாங்கமுடியாததாகும் வாரங்களும், நோய்ச்செல்கள் வேகமெடுக்கும் வாரங்களும் ஒன்றே. "புண் ஆறட்டும், ஒரு பத்து நாள் கழித்து வருகிறோம்" என்று ஊருக்குப் போனால் புண் ஆறுவதுபோல் நோயும் வளர்கிறது. சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும், நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 வரை குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கூறுகிறார்கள். பத்து நாள் என்பது சிறிய இழப்பு அல்ல.

திருவிழா, திருமணம், அறுவடை, இயந்திரப் பழுது முதலிய காரணங்களால் ஒரு நாள் தவறிப்போனால் பயப்படவேண்டாம். சனிக்கிழமை வரச்சொல்லியோ, ஒரே நாளில் போதிய இடைவெளிவிட்டு இரண்டு முறை கொடுத்தோ மருத்துவர் அதைச் சரிக்கட்டுவார். மிகக் கடுமையான நிலையில் சில நாள் ஓய்வு தேவை என்றால் அதையும் மருத்துவரே முடிவு செய்வார். வீட்டில் அந்த முடிவை எடுக்கக்கூடாது.

தொடங்குவதற்கு முன் பல் மருத்துவர்

சிகிச்சை தொடங்குமுன் பல் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம். கெட்டுப்போன பற்களை முன்னதாகவே எடுத்து, காயம் ஆற 2 வாரமாவது விடவேண்டும். கூர்மையான பல் விளிம்புகளைத் தேய்த்துச் சீராக்க வேண்டும். கதிர் பட்ட தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குறைந்துவிடுவதால், பின்னாளில் பல்லைப் பிடுங்கினால் அந்த இடம் ஆறாமல் எலும்பே செத்துப்போகும் அபாயம் உண்டு. சிகிச்சைக்குப் பின் எத்தனை ஆண்டுகள் ஆனாலும் பல் பிடுங்குமுன், "எனக்கு இங்கே கரண்ட் வைத்திருக்கிறார்கள்" என்று பல் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

வாய் கழுவுதல்: செலவில்லாத மருந்து

வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்வதே எல்லாச் சிகிச்சைக்கும் அடிப்படை. அதற்கு விலையுயர்ந்த மருந்து தேவையில்லை. செய்முறை இதோ:

கொதித்து ஆறிய நீர் 1 லிட்டர். அதில் சமையல் உப்பு 1 டீஸ்பூன். ஆப்ப சோடா 1 டீஸ்பூன். மூன்றையும் கலக்கி மூடிவைக்கவும். தினமும் புதிதாகத் தயாரிக்கவும்.

ஒவ்வொரு முறை உண்டபின்பும், படுக்கைக்குப் போகுமுன்பும், விழித்திருக்கும் நேரத்தில் 2 அல்லது 3 மணிக்கு ஒரு முறையும், ஒரு வாய் எடுத்து அரை நிமிடம் மெதுவாகக் கொப்பளித்துத் துப்பவேண்டும். விழுங்கவேண்டாம். இந்த நீர் பசைபோன்ற எச்சிலை இளக்கி, புண்மேல் தங்கும் அழுக்கை அகற்றுகிறது.

பல் துலக்க மிக மென்மையான பிரஷ் போதும். பயன்படுத்துமுன் வெந்நீரில் சற்று நனைத்தால் இன்னும் மென்மையாகும். புதினாக் காரம் எரிந்தால் காரமில்லாத, ஃபுளோரைடு கலந்த பற்பசையைத் தேர்ந்துகொள்ளலாம். கரி, சாம்பல், செங்கல் பொடி, புகையிலைப் பொடி ஆகியவற்றால் பல் தேய்ப்பதை நிறுத்திவிட வேண்டும். பல்செட் அணிகிறவர்கள் புண் உள்ள நாட்களில் உணவு வேளை தவிர மற்ற நேரங்களில் அதைக் கழற்றிவைப்பது நல்லது. இரவில் கட்டாயம் கழற்றவேண்டும்.

கடைகளில் விற்கும் மவுத்வாஷ்களில் பல ஆல்கஹால் கலந்தவை. அவை வாயை உலர்த்தி எரியச்செய்யும். வாங்கவேண்டாம்.

புகையிலையும் பாக்கும் மதுவும் முற்றிலும் ஆகாது. வாய் மரத்துப்போகும் என்பதற்காகச் சிலர் வலி நேரத்தில் மறுபடியும் புகையிலையை ஒதுக்கிக்கொள்கிறார்கள். சிகிச்சையின்போது புகைபிடிப்பதைத் தொடர்ந்தவர்களுக்குக் கதிர் குறைவாகவே பலனளித்தது என்பதைக் கனடா நாட்டு மருத்துவர்கள் 1993-ல் வெளியிட்டார்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை

"வேதனையைச் சகிக்கத்தான் வேண்டும்" என்று எண்ணிப் பலர் மருத்துவரிடம் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். இது தவறு. வலி இருந்தால் உண்ண முடியாது. உண்ணாவிட்டால் எடை குறையும். எடை குறைந்தால் சிகிச்சை நின்றுபோகும். ஆகவே வலியை அடக்குவதும் புற்றுநோய்ச் சிகிச்சையின் ஒரு பகுதியே.

ஆரம்பத்தில் பென்சிடமின் கலந்த கொப்பளிப்பு மருந்து எரிச்சலைக் குறைக்கும். நீரில் கரையும் பாராசிட்டமால் மாத்திரையும் உதவும். உணவுக்குமுன் வாயை மரக்கச்செய்யும் லிக்னோகெய்ன் மருந்து சிலருக்குக் கொடுக்கப்படும். வாய் மரத்திருக்கும்போது சூடு தெரியாது, நாக்கைக் கடித்துக்கொள்ளவும் புரையேறவும் கூடும். ஆகையால் சொல்லப்பட்ட அளவுக்குமேல் உபயோகிக்கக்கூடாது.

இவை போதாதபோது மார்ஃபின் தேவைப்படும். இப்பெயரைக் கேட்டதும் நோயாளியும் வீட்டாரும் அஞ்சுகிறார்கள். "இது கடைசிக் கட்டத்துக்கு உரியதல்லவா? பழக்கமாகிவிடாதா?" என்கிறார்கள். புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வகுத்து, கடும் வலிக்கு மார்ஃபினை அதில் சேர்த்தது. வாய்ப்புண்ணுக்குக் கொடுக்கப்படும் மார்ஃபின் சில வாரங்களுக்கு மட்டுமே. புண் ஆற ஆற, மருத்துவர் அளவைக் குறைத்து நிறுத்திவிடுவார். மருத்துவரின் மேற்பார்வையில் வலிக்காக உட்கொள்ளும்போது அடிமையாகிவிடும் பயம் மிகக் குறைவு. மலச்சிக்கல் நிச்சயம் வரும், எனவே அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமையாக இருந்ததால், பல மருத்துவமனைகள் மார்ஃபினை இருப்பில் வைக்கவே தயங்கின. 2014-ல் அச்சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் இதைப் பெறுவது எளிதாக்கப்பட்டது. ஆயினும் எல்லா ஊர்களிலும் இது கிடைப்பதில்லை. தொலைவிலிருந்து வரும் நோயாளி ஊர் திரும்பும்போது போதுமான அளவு மருந்து கையில் இருக்கிறதா என்பதை உறுதிசெய்துகொள்வது அவசியம்.

எதை உண்பது?

50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இந்நாட்களில் தினமும் குறைந்தது 1500 கலோரியும், 50 முதல் 75 கிராம் வரை புரதமும் தேவை. வெறும் நீர்க்கஞ்சி குடித்து இதை எட்ட முடியாது. கஞ்சியைச் சத்துள்ளதாக்கவேண்டும்.

குழைய வடித்த சோற்றில் வேகவைத்து மசித்த பாசிப்பருப்பும் ஒரு கரண்டி நெய்யும் சேர்க்கலாம். கேழ்வரகுக் கூழில் பாலும், நன்றாக அரைத்த வேர்க்கடலையும் கலக்கலாம். இட்லியைப் பாலில் ஊறவைத்துக் கரைக்கலாம். முட்டையைக் காரமின்றி மென்மையாகக் கிண்டி, அல்லது பாலில் அடித்து வேகவைத்துக் கொடுக்கலாம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமும், ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ அதே அளவும் உண்டு. பாலில் 2 கரண்டி பால்பவுடர் கலந்தால் சத்து இன்னும் கூடும். தேங்காய்ப்பால், சத்துமாவுக் கஞ்சி, பழுத்த பப்பாளி, மசித்த வாழைப்பழம், புளிக்காத தயிர் ஆகியவையும் நல்லவை. முள்ளும் எலும்பும் நீக்கி மசித்த மீனும் கோழியும் சூப்பாகக் கொடுக்கலாம்.

மிளகாய், மிளகு, புளி, எலுமிச்சை, ஆரஞ்சு, தக்காளி ரசம், ஊறுகாய் ஆகியவை எரியும். முறுக்கு, ரஸ்க், அப்பளம், வறுத்த கடலை ஆகியவை குத்தும். கொதிக்கும் காப்பியும் டீயும் ஆகா. எல்லாவற்றையும் ஆறவைத்தே கொடுக்கவேண்டும்.

மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாக 2 மணிக்கு ஒரு முறை சிறிது சிறிதாகக் கொடுப்பது நல்லது. வலி மருந்து கொடுத்து, அது வேலைசெய்யத் தொடங்கியபின் உணவு கொடுத்தால் நன்றாக இறங்கும். வாரம் ஒரு முறை எடை பார்த்து எழுதிவைக்கவும்.

வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை நல்லது என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் வழக்கம். காரமின்றி நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுத்தால் அது நல்ல உணவே. ஆனால் கதிர்வீச்சினால் வரும் புண்ணை அது ஆற்றிவிடும் என்று நம்பி, மருத்துவர் தந்ததை நிறுத்திவிடக்கூடாது. படிகாரம், கற்பூரம், சுண்ணாம்பு முதலியவற்றைப் புண்ணில் தடவவே கூடாது.

மூக்குவழிக் குழாய்

வாய்வழி உணவு போதாமல் எடை குறைந்துகொண்டே போனால், மூக்கின் வழியாக வயிற்றுக்கு மெல்லிய குழாய் வைக்க மருத்துவர் ஆலோசனை கூறுவார். "குழாய் வைத்துவிட்டார்கள், இனி நம்பிக்கையில்லை" என்று வீட்டார் அழுவதுண்டு. உண்மையில் இது சிகிச்சையைத் தடையின்றி முடிக்க உதவும் தற்காலிகப் பாலமே. புண் ஆறியபின் எடுத்துவிடுவார்கள்.

குழாயில் கொடுக்கும்போது நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, கொடுத்தபின்பும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கச்செய்யவும். ஒவ்வொரு முறையும் 200 முதல் 250 மில்லி போதும். உணவை நன்றாக அரைத்து வடிகட்டவும். முன்னும் பின்னும் சுத்தமான நீர் விட்டுக் குழாயைக் கழுவவும். குழாய் இருந்தாலும், மருத்துவர் அனுமதித்தால், தினமும் சில வாய் தண்ணீராவது விழுங்கிக்கொண்டே இருக்கவேண்டும். விழுங்கும் தசைகள் வேலையின்றி இருந்தால் அப்பழக்கமே மறந்துபோகும். வாயை அகலமாகத் திறந்து மூடும் பயிற்சியும் தினமும் பலமுறை தேவை.

வேறு என்ன சிகிச்சைகள் உண்டு?

புற்றுநோய்ச் சிகிச்சையின் பக்கவிளைவுகளைப்பற்றி ஆராயும் சர்வதேச மருத்துவர் குழு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சில காரியங்கள் தெளிவாயின. மிதமான ஒளிக்கற்றையை வாயினுள் செலுத்தும் லேசர் சிகிச்சை, கடும் புண் வராமல் தடுக்க உதவுகிறது. இது எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. தேனுக்கும் ஓரளவு பலன் உண்டென்று அக்குழு கருதுகிறது. ஆனால் சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தேன் எடுக்கக்கூடாது. மற்றவர்களும் பல் சொத்தையாகாதபடி பிறகு வாய் கழுவவேண்டும். சுக்ரால்ஃபேட் என்ற மருந்தும் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பும் இந்தப் புண்ணைத் தடுப்பதற்குப் பயன்படுவதில்லை என்றும் அது கூறுகிறது. பழகிப்போன மருந்து என்பதற்காகப் பணம் செலவழிக்கவேண்டாம்.

எளிதில் வழித்தெடுக்கக்கூடிய தயிர்போன்ற வெண்படலம் நாக்கிலும் கன்னத்திலும் தோன்றினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு. கொடுத்தால் சில நாட்களில் எரிச்சல் தணியும்.

உடனே மருத்துவமனைக்கு வரவேண்டிய அறிகுறிகள்

1. 100.4 டிகிரிக்கு மேற்பட்ட காய்ச்சல்.

2. ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூட இறங்காமை, சிறுநீர் மிகக் குறைதல், தலைசுற்றல்.

3. வாயிலிருந்து நிற்காத இரத்தம்.

4. மூச்சு விடுவதில் கஷ்டம், அல்லது மூச்சில் சத்தம்.

5. குடிக்கும்போதெல்லாம் புரையேறி இருமுதல்.

6. ஒரே வாரத்தில் 2 கிலோவுக்கு மேல் எடை குறைதல்.

இவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த வாரப் பரிசோதனை நாள்வரை காத்திருக்கக்கூடாது.

சிகிச்சை முடிந்த பின்

புண் ஆறிவிடும். ருசி பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பும். ஆனால் வாய் உலர்தல் பலருக்கு நீடிக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பியை ஓரளவு விலக்கிக் கதிரைக் குறிவைக்கும் நவீன முறையால் இது வெகுவாகக் குறைகிறது என்பதை இங்கிலாந்தில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வு நிரூபித்தது. வாய் உலர்ந்தவர்கள் சிறு பாட்டிலில் தண்ணீரை எப்போதும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும். உமிழ்நீர் இல்லாத வாயில் பல் விரைவில் சொத்தையாகும் என்பதால் ஃபுளோரைடு பூச்சும் பல் பரிசோதனையும் வாழ்நாள் முழுவதும் தேவை.

சபையார் செய்யக்கூடியவை

நோயாளியைச் சந்திக்கப் போகும்போது பிஸ்கட் பாக்கெட்டும் ஆரஞ்சும் வாங்கிச் செல்வது நம் வழக்கம். இந்த நோயாளியால் இரண்டையும் உண்ண முடியாது. அதற்குப் பதிலாகப் பால்பவுடர், முட்டை, சத்துமாவு, வாழைப்பழம் கொண்டுபோகலாம். மென்மையான பிரஷ் ஒன்றும் நல்ல வெகுமதியே.

அவரைப் பேசவைக்கவேண்டாம். வாயைத் திறப்பதே வேதனை. ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தால் எழுதிக் காட்டுவார். தாங்கள் பேசுங்கள், அவர் கேட்கட்டும். ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும்.

திருவிருந்து கொடுக்கச் செல்லும் போதகர்கள் ஒன்றை நினைவில் கொள்வது நலம். உலர்ந்த அப்பம் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், திராட்சரசம் புண்ணில் எரியும். மிகச் சிறிய துணுக்கை நீரில் நனைத்துக் கொடுப்பதா, வேறுவிதமாகச் செய்வதா என்று முன்னதாகவே நோயாளியைக் கேட்டறிந்தால் அவர் சங்கடப்படமாட்டார்.

மிகப் பெரிய உதவி, 35 நாளும் அவர் தவறாமல் வர வழிசெய்வதே. கூலி வேலை செய்கிறவருக்கு 7 வாரம் வருமானம் இல்லை. உடன் வரும் மனைவிக்கோ மகனுக்கோ அதே கதி. பேருந்துக் கட்டணமும், தங்க ஒரு அறையும், கஞ்சி காய்ச்ச ஓர் அடுப்பும் இல்லாததாலேயே சிகிச்சையை விட்டுப்போனவர்கள் உண்டு. ஊரில் இருக்கும் பிள்ளைகளை இரண்டு வாரம் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதும், மாடு கன்றைக் கவனித்துக்கொள்வதும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே சொல்லவேண்டும்.

கடைசியாக ஒன்று. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று மக்களின் வாயைப் பரிசோதித்தார்கள். புகையிலையோ மதுவோ உபயோகிக்கிறவர்களிடையே வாய்ப்புற்றினால் ஏற்படும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்பது 2005-ல் வெளியான அதன் முடிவு. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும். மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாயை முழுதும் திறக்க முடியாமை ஆகியவற்றில் ஏதாவது தங்களிடமோ தங்கள் சபையில் எவரிடமோ காணப்பட்டால் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடிக்கப்பட்டால் பலருக்குச் சிறிய அறுவை சிகிச்சையே போதுமானது. இந்த ஏழு வார வேதனையே அவர்களுக்குத் தேவைப்படாமல் போகலாம்.

ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கிறவர்களிடம் தாங்கள் தைரியமாகச் சொல்லக்கூடியது இதுதான்: இந்தப் புண் ஆறும், அதன் வலியைக் குறைக்க மருந்து உண்டு, இன்னும் எத்தனை நாள் என்பதை எண்ணிச் சொல்ல முடியும். அந்த நாட்களை எண்ணுவதற்குத் துணையாக யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலோர் கடைசி நாள்வரை வந்துவிடுகிறார்கள்.